83ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்

எங்கள் கிளை நூலகத்தின் நூலகர் அம்மாவுக்கும், மினி பஸ் நடத்துநர் தம்பிக்கும், பக்கத்து வீட்டுப் பேத்திக்கும், என்னைக் கவனித்த மருத்துவருக்கும் வணக்கம். நேரில் சொல்ல முயன்றபோதெல்லாம் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

என் மனைவி காலமாகி இந்த மாசியோடு ஓராண்டு முடிந்தது. பகலில் தேயிலைக் கொழுந்து பறித்து, எடை போட்டு, பேக்டரி வண்டியில் ஏற்றும்வரை கைக்கு வேலை இருக்கும். கோத்தகிரிக் குளிரில் இரவு எட்டு மணிக்கே ஊர் அடங்கிவிடும். எனக்கோ விடியும்வரை கண் மூடாது.

மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டு, "படிக்கும் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்காக மருத்துவமனைகளில் நூலகம் நடத்தியதையும், 1916இல் சாமுவேல் க்ரோதர்ஸ் என்ற அமெரிக்கர் புத்தகம் வழியான சிகிச்சையை 'பிப்லியோதெரபி' என்று எழுதியதையும் அவசரப்படாமல் சொன்னார். "மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு" என்றார். சீட்டின் ஓரத்தில் 14416 என்ற மனநல உதவி எண்ணையும் குறித்துத் தந்தார். இரண்டு இரவுகள் அந்த எண்ணை அழைத்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

வீட்டில் இருந்தது ஒரே புத்தகம், மனைவி நூலகத்தில் எடுத்த நாவல். 83ஆம் பக்கத்தில் மேட்டுப்பாளையம் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. மருத்துவமனைக்குப் போன நாளின் டிக்கெட் அது.

தவணை தாண்டிய அந்தப் புத்தகத்தோடு போய் நின்றேன். நூலகர் அம்மா தேதிச் சீட்டைப் பார்க்கவில்லை, டிக்கெட்டைத்தான் பார்த்தார். நாவலை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, "இது இப்போது வேண்டாம் ஐயா. நீங்களே கேட்கும் நாளில் தருகிறேன்" என்று ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. அறுபது வயதுக்காரனுக்கு முயல் கதையா?

ஆனால் செய்தித்தாளில் ஒரு பத்தியை மூன்று முறை படித்தும் மனத்தில் நிற்காத எனக்கு, பெரிய எழுத்தில் இருந்த அந்த 24 பக்கம் நின்றது. 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்று சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் விதி வகுத்தார். அந்த விதி ஒரு மனிதரின் கண்ணும் கையுமாக வேலை செய்ததை நான் பார்த்தேன். வீட்டு வரியோடு இத்தனை காலம் கட்டிய நூலக வரி எங்கே போகிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

ஆறாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பேத்தி மாலையில் வந்து எனக்கு வாசித்துக் காட்டுவாள். கடினமான சொல் வந்தால் நிறுத்தி, "தாத்தா, இதற்கு என்ன அர்த்தம்?" என்பாள். பதில் சொல்வதற்காகவே பல வாரங்களுக்குப் பிறகு என் வாயிலிருந்து முழு வாக்கியம் வந்தது. ஐப்பசி மழையில் என்னால் நூலகம் போக முடியாத நாள்களில், நடத்துநர் தம்பி உரச்சாக்கின் பிளாஸ்டிக் உறையில் புத்தகங்களைச் சுற்றி, நனையாமல் கொண்டுவந்து தந்தார். அதற்கு ஒரு டீ கூட என் கையால் அவர் குடித்ததில்லை, பஸ் நிற்காதே!

தை மாதம் நானே நாவலைக் கேட்டேன். நூலகர் அம்மா இழுப்பறையைத் திறந்தார். டிக்கெட் வைத்த இடத்திலேயே இருந்தது. முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். 83 வரை மனத்துக்குள் படித்தேன். அதற்கு மேல் அவள் படிக்காதது, அதனால் 84ஆம் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்தேன்.

நன்றியுடன்,
கோத்தகிரி அருகிலிருந்து ஒரு சிறு தேயிலை விவசாயி