பெரிய விமானம் வந்தால் மிச்சம் கால் மணி நேரம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் ரயில், விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுதளத்தை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தார்கள். அதிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, பெரிய விமானம் வந்துட்டா சென்னைக்கு முக்கா மணி நேரத்துல போயிரலாமாமே?" ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லி மாளவில்லை. உங்கள் பத்திரிகையில் வந்தால் நாலு பேர் படிப்பார்கள்.

வாகைக்குளத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர். இங்கே வந்துபோகும், விசிறி வைத்த சிறிய ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும், பெரிய ஜெட் விமானமான ஏர்பஸ் 800-க்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 64 நிமிடம், மற்றதற்கு 40 நிமிடம். முக்கால் மணி நேரக் கதை பிறந்தது இந்தக் கணக்கில்தான். ஆனால் டிக்கெட்டில் போடும் நேரம், இங்கே விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்குமானது. ஓடுதளம் வரை ஊர்ந்து போக வேண்டும், ஏற வேண்டும். முழு வேகம் பிடித்துக் கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடும். சென்னையில் இறங்க வரிசை இருந்தால் மேலேயே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியதுதான். ஏடிஆருக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் ஜெட்டுக்கு ஒன்றேகால் ஆகும்.

சரி, அந்தக் கால் மணி நேரமாவது கைக்கு வருமா? காலை 9 மணி விமானத்துக்கு பாளையங்கோட்டையிலிருந்து 6.45-க்காவது காரில் கிளம்ப வேண்டும். கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். சென்னையில் பெட்டி வரக் காத்திருந்து, மெட்ரோ பிடித்து எழும்பூர் பக்கம் போய்ச் சேரப் பன்னிரண்டு ஆகிவிடும். அதே நாளில் 6 மணி வாக்கில் நெல்லை ஜங்ஷனில் வந்தே பாரத் ஏறினவர் மதியம் 2 மணிக்கெல்லாம் எழும்பூரில் இறங்குகிறார். இரண்டு மணி நேர வித்தியாசத்துக்குத்தான் இத்தனை ரூபாய்.

அதற்காகப் பெரிய விமானம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஏடிஆரில் 78 இருக்கை, ஏர்பஸ் ஏ320-இல் 180. தீபாவளி, பொங்கல் சமயத்தில் டிக்கெட் விலை எகிறுவதைத் தினம் பார்க்கிற எனக்கு இதன் அருமை தெரியும். கடைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்பதில்லை, நேரத்தைத்தான் கேட்கிறார்கள்.

நேரம்தான் மிச்சமாக வேண்டும் என்றால் தரையில் ஒரு வேலை இருக்கிறது. நெல்லை–தூத்துக்குடி நான்கு வழிச்சாலை வாகைக்குளம் வழியாகத்தான் போகிறது. விமானம் வரும், போகும் நேரத்தை ஒட்டி, விமான நிலைய வாசல் வரை வந்து திரும்பும் பேருந்துகளை நெல்லை புதிய பேருந்து நிலையத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரசுப் போக்குவரத்துக் கழகம் இயக்க வேண்டும். பெட்டி வைக்க இடம் விட்ட வண்டியாக இருந்தால் நல்லது. சுங்கச்சாவடி பக்கம் இறக்கிவிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் யார் நடப்பது?

– டிக்கெட் முகவர் ஒருவர்,
பாளையங்கோட்டை