சிடுசிடு மனைவி ஒட்டவில்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழில் உங்கள் விமர்சகர் ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது, கணவனுக்கு விபத்து நடந்த பிறகு மனைவி எந்நேரமும் சிடுசிடுவென்று இருப்பதால் அந்தப் பாத்திரம் மனசில் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறார். நல்லது. அவர் வீட்டில் யாருக்கும் தலையில் அடிபட்டதில்லை போலிருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

என் வீட்டுக்காரர் குன்றக்குடி தாண்டி மாடு குறுக்கே வந்து பைக்கிலிருந்து விழுந்தவர். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மதுரையில் ஆபரேஷன், பிழைத்துக்கொண்டார், நடக்கிறார், பேசுகிறார், எல்லோரையும் அடையாளம் தெரிகிறது. கடையில் கணக்கு எழுதிய காலத்தில் யார் எவ்வளவு பாக்கி என்று இன்றைக்கும் வட்டியோடு சொல்வார். காலையில் சாப்பிட்டாரா என்பது பத்து மணிக்கு ஞாபகம் இருக்காது. மூக்கில் வாசனையும் போய்விட்டது, பால் தீய்ந்து வீடெல்லாம் புகைந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் பார்ப்பார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தட்டு பறக்கும். முன்பெல்லாம் என்னை ஒரு வார்த்தை அதட்டிப் பேசாத மனுஷன். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையில் அடிபட்டால் கோபம் அடங்காது, அனுசரித்துப் போங்கள் என்று டாக்டர் போகிற போக்கில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பார்க்க வரும் உறவுக்காரர்கள் முகப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, "அண்ணன் நல்லாத்தானே இருக்காக, நீங்கதான் ஆச்சி சும்மா கத்துறீக" என்பார்கள். உங்கள் விமர்சகரும் அந்த முகப்பு ஆள்தான், வேறென்ன.

சினிமாக்காரர்களுக்குத் தலையில் அடி என்றால் நெற்றியைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டு, நடுவில் குங்குமப் பொட்டு மாதிரி சிவப்பு, அவ்வளவுதான். மொட்டைத் தலையும், எலும்பை எடுத்த இடத்தில் பள்ளமுமாக எந்தக் கதாநாயகனை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? 1982இல் மூன்றாம் பிறையில் கார் விபத்தில் நினைவிழந்து சிறுமியாகிவிடும் பெண் வைத்தியரிடம் போய்த் தெளிந்து ரயிலேறிப் போய்விடுவார், நானும் அழுதவள்தான். 2012இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படம் நிஜமாகவே ஒருவருக்கு நடந்த கதை. அடிபட்டுக் கொஞ்ச நேரத்து ஞாபகம் போய்த் திரும்புவது உண்டு, அதில் எனக்கு வழக்கில்லை. பெரிய அடியில் ஆளின் குணமே மாறிவிடுகிறதே, அதை யார் காட்டினார்கள்? பெயர் மட்டும் மறந்துபோகும், மனசு தங்கமாகவே இருக்கும், கடைசியில் இன்னொரு அடி விழுந்தால் எல்லாம் திரும்பிவிடும்! இன்னொரு அடி விழுந்தால் ஆளே போய்விடுவார் ஐயா.

எங்கள் ஊர்ப் பக்கம் பெரிய வீடுகளில் எப்போது பார்த்தாலும் ஷூட்டிங். பக்கத்து வீட்டு வளவில் எடுத்துக்கொண்டிருந்தபோது லைட்டும் ஜெனரேட்டர் இரைச்சலும் இவருக்கு ஆகவில்லை, கத்தினார். சத்தம் பதிவாகிறது, அவரைக் கொஞ்சம் உள்கட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தம்பி வந்து சொன்னான். குடும்பப் படமாம்.

விபத்து நடந்து முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் அரசு திட்டம் கொண்டுவந்தது, நல்ல திட்டம். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, தலைக்காயம் என்று பெயர் சொல்லி ஒன்று கிடையாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் போய் நின்றால் கை கால் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார்கள். உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்? ஹெல்மெட் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தை நாலு வரியாக வெட்டிப் போட்டீர்கள், அதே இதழின் அட்டையில் ஒரு நடிகர் முடி பறக்க பைக் ஓட்டுகிறார்.

நான் கேட்பது பெரிசில்லை. தலைக்காயத்துக்குப் பிறகு பேச்சுப் பயிற்சி, ஞாபகப் பயிற்சியெல்லாம் சிவகங்கை மாவட்டத்தில், இல்லையென்றால் மதுரையில், எந்த அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை கிடைக்கும் என்று விசாரித்து அரைப் பக்கம் போடுங்கள். கோலப் போட்டி முடிவுக்கு முழுப் பக்கம் கொடுக்கிறீர்களே. இந்தக் கடிதத்தையும் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முதல் பத்தியில் கை வைக்காதீர்கள், விமர்சகர் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி
(பெயர் போட வேண்டாம்)