ஃபர் துணிக்குக் கத்தரிக்கோல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இணைப்பில் வந்த, வீட்டிலேயே செயற்கை ஃபர் (விலங்கு ரோமம் போல முடி அடர்ந்த துணி) ஜாக்கெட் தைக்கும் குறிப்பைப் படித்தேன். (ரவிக்கை இல்லை, குளிருக்குப் போடுவது.) இருபது வருடமாகத் தைக்கிறோமே என்ற தைரியத்தில் நானும் இறங்கினேன்.

வழக்கம்போலத் துணியை இரண்டாக மடித்துக் கத்தரிக்கோலால் வெட்டினேன். ஓரத்து முடியெல்லாம் மொட்டையாகிவிட்டது. அறை முழுக்கப் பஞ்சு பறந்து, இரண்டு நாள் தும்மல். அப்புறம்தான் புரிந்தது: மடிக்காமல், முடி அடியில் இருக்கும்படி விரித்து, பின்பக்கம் சாக்பீஸால் வரைந்து, அடித்துணியை மட்டும் பிளேடால் கீற வேண்டும். முடி தானாகப் பிரிந்து வரும். எல்லாத் துண்டிலும் அது கீழ்நோக்கிப் படிய வேண்டும். என் ஜாக்கெட்டின் இடது கைத் துண்டில் மட்டும் முடி மேல்நோக்கிப் போய், வேறு நிறம் போலத் தெரிகிறது.

முடியை உள்ளே தள்ளிவிட்டு, 4 மி.மீ. நீளத் தையல் போட்டேன். தையலில் மாட்டிய முடியை வெளிப்பக்கமிருந்து ஊசி முனையால் நெம்பி எடுத்தால், மூட்டிய இடமே தெரிவதில்லை. அதைப் பார்த்ததும் தும்மலெல்லாம் மறந்துபோனது.

'தையலை இஸ்திரி போடவும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் தயவுசெய்து திருத்துங்கள். இந்த முடி அக்ரிலிக் என்ற செயற்கை இழை; சூட்டில் உருகிவிடும். விரலால் அழுத்தினாலே போதும்.

இப்படிக்கு,
வீட்டில் தைக்கும் வாசகி