அம்மாவைத் தேடித் தந்த தெருவுக்கு

மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லில் எங்கள் தெருவிலும் அதையடுத்த ராயல் சாலையிலும் குடியிருக்கும், கடை வைத்திருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கடந்த சனிக்கிழமை காலை நான் தமிழ் வகுப்பு எடுக்கப் போயிருந்த நேரத்தில், இரண்டாண்டுகளாக மறதி நோயுள்ள என் தாயார் தாமே தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு வயது 83. மூன்று மணி நேரத்துக்குப் பின் அவரை நலமாக வீடு சேர்த்த உங்களுக்கு, அன்று வாசலில் நின்றபடி அவசரமாகச் சொன்ன நன்றி போதாது என்பதால் இதை எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு என் மகள் இத்தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோலில் படித்துக் காட்டுவாள்.

உங்களில் எவருக்கும் முழு விவரம் தெரிந்திருக்கவில்லை. ஒரு காலில் தம் செருப்பும் மறு காலில் என் செருப்புமாக அம்மா போவதை எதிர்வீட்டு முஸ்லிம் தையற்காரர் பார்த்திருந்தார். முனைக்கடைச் சீனர், காசு வாங்காமல் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்து, கோயிலுக்குத்தான் போகிறார் என்று எண்ணி அனுப்பியிருந்தார். தேவாலய வாசலில் பூ விற்கும் கிரியோல் அம்மையாரோ, 'தந்தீன்' (கிரியோலில் அத்தை) கோயிலுக்கு நேரெதிர்த் திசையில் நடக்கிறாரே என்று ஐயப்பட்டிருந்தார். தையல் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, கடை கடையாக நடந்து இம்மூன்றையும் கேட்டுச் சேர்த்தவர் தையற்காரரே. அதே நேரம் நான் தொலைபேசியில் அழைத்த ஓர் அலுவலகத்தில் மாலை வரை பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

நாற்பது ஆண்டுகளாக அம்மா கூடையுடன் சந்தைக்கு நடந்தே போய், கொத்தமல்லிக்கும் விடாமல் பேரம் பேசியவர். அதைக் கிரியோலிலும் 'கோத்தோமிலி' என்றே சொல்வதால் அவருக்கு அதில் தனிப் பெருமை. காரில் போய்வந்திருந்தால் அவரை இத்தனை பேர் நடையை வைத்தே அடையாளம் கண்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

அவர் மெட்ரோ நிலையத்தில் இருந்தார். ஆனால் தேடிப்போனது மெட்ரோவை அல்ல. தீவில் பயணிகள் ரயில் 1956இல் நின்றபோது அவருக்கு வயது 14; பிறந்த ஊரான ரோஸ் பெல்லுக்கு அந்த ரயிலில்தான் போய்வந்திருக்கிறார். 2019இல் தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து இங்கு வந்த மெட்ரோ பெரும்பாலும் அந்தப் பழைய தடத்திலேயே போடப்பட்டது என்பதால், அம்மாவின் கால்கள் வழி தவறவில்லை. மெட்ரோ கியூர்பீப்போடு நின்றுவிடுகிறது, ரோஸ் பெல் அதற்கும் அப்பால் இருக்கிறது, அவ்வளவுதான். ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டி, அதில் தமிழில் அச்சாகியிருப்பதை உரக்க வாசித்துவிட்டு, ரோஸ் பெல்லுக்கு டிக்கெட் கேட்ட மூதாட்டியை, பணியிலிருந்த இளம்பெண் சிரித்து அனுப்பிவிடவில்லை. நிழலில் உட்காரவைத்து, ஒரு ஜோடி டால் பூரி வாங்கிக் கொடுத்து, ரோஸ் பெல் வீட்டில் எத்தனை மாமரம் என்றெல்லாம் பேச்சுக் கொடுத்தபடி, நாங்கள் வந்து சேரும்வரை பக்கத்திலேயே இருந்திருக்கிறார். மகளே, உன் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை, மன்னித்துவிடு.

நடைபாதையில் கார் நிறுத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். அன்று அம்மா இரண்டு இடங்களில் சாலையில் இறங்கி நடக்க நேர்ந்தது என்று பூக்கார அம்மையார் சொன்னார். அந்த ஓரத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தைப்பூசத்தன்று காவடி செலுத்தித் திரும்பியதும் எங்கள் வீட்டில் வாழையிலையில் ஏழு கறிச் சோறு உண்டு. நீங்கள் எல்லோரும் குடும்பத்துடன் வரவேண்டும். அம்மா உங்களைப் புதியவர்களாக எண்ணி, எந்த ஊர் என்று விசாரிக்கக்கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வெயிலுக்காக வழியில் யாரோ அவர் கையில் கொடுத்த பச்சைக் குடை எங்கள் வாசல் கம்பியில் தொங்குகிறது. யாருடையது என்று தெரியவில்லை. மழை வருவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தெருத் தமிழாசிரியை