ரோமுக்கு முன்பே நிலக்கரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியம் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வெளியான கட்டுரை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா அளித்த மார்ஷல் திட்டத்தின் பணத்தால் வேரூன்றிய ஒற்றுமை 1957ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கையில் பிறந்தது என்று கூறுகிறது. இடையில் பிரான்சும் ஜெர்மனியும் தங்கள் நிலக்கரி, எஃகுத் தொழிலை ஒரே பொது ஆணையத்தின் கீழ் வைத்த முக்கியமான சங்கதி அதில் விடுபட்டுவிட்டது.

1948இல் தொடங்கிய மார்ஷல் உதவி, பணத்தைப் பங்கிடுவதற்காகவேனும் மேற்கு ஐரோப்பிய நாடுகளைக் கூடி உட்கார வைத்தது உண்மைதான். ஆனால் அதற்கென அமைந்த அமைப்பிலோ, 1949இல் உருவான ஐரோப்பிய மன்றத்திலோ எந்த நாடும் தன் அதிகாரத்தில் குன்றிமணியளவும் விட்டுக்கொடுக்கவில்லை. பிரான்சின் கவலையோ வேறு. ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரி பிரான்சின் எஃகு உலைகளுக்கு வேண்டும். அதே நிலக்கரியில் ஜெர்மனி மீண்டும் பீரங்கி வார்த்துவிடுமோ என்ற அச்சமும் உண்டு. நேச நாடுகள் 1949இல் ரூருக்கென ஒரு சர்வதேச ஆணையம் அமைத்துப் பார்த்தன. தோற்றவனை மட்டும் கண்காணிக்கும் ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும்?

கண்காணிப்பை இரு தரப்புக்கும் பொதுவாக்கியதுதான் பிரெஞ்சுத் திட்டக்குழுத் தலைவர் ழான் மோனேயின் சாமர்த்தியம். பிரான்சும் தன் நிலக்கரி, எஃகு உற்பத்தியை ஜெர்மனியுடையதோடு சேர்த்து ஒரே பொது உயர் ஆணையத்தின் கீழ் வைக்க முன்வந்தது. இதைத் தன் பொறுப்பில் அறிவித்த பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன், லக்சம்பர்க்கில் பிறந்து முதல் உலகப் போர் முடியும்வரை ஜெர்மன் குடிமகனாக இருந்தவர் என்பதையும் மறக்கலாகாது. 1950 மே 9 காலை அவருடைய தூதர் மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரில் இருந்தார். அங்கே அமைச்சரவைக் கூட்டத்தில் இருந்த மேற்கு ஜெர்மன் பிரதமர் ஆடனாவரிடம் கடிதம் சேர்க்கப்பட்டு, அவருடைய சம்மதம் தொலைபேசியில் பாரிசுக்கு எட்டிய பிறகே ஷூமன் தம் சக அமைச்சர்களிடம் வாய் திறந்தார். அன்று மாலையே செய்தியாளர் சந்திப்பு. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அச்செசனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்த விஷயம் பிரிட்டனுக்குச் சொல்லப்படவில்லை. அதன் வெளியுறவு அமைச்சர் பெவின் கொதித்துப்போனதில் வியப்பில்லை.

இத்திட்டப்படி ஐரோப்பிய நிலக்கரி, எஃகு சமூகத்தை அமைக்கும் உடன்படிக்கையில் 1951 ஏப்ரல் 18இல் ஆறு நாடுகள் பாரிசில் ஒப்பமிட்டன. பொது ராணுவம் என்று ஒரே தாவலில் போக முயன்றபோது, அந்த யோசனையை முன்வைத்த பிரான்சின் நாடாளுமன்றமே 1954 ஆகஸ்ட் 30இல் அதைக் கவிழ்த்தது. அந்த அடிக்குப் பின் மறுபடியும் வணிகம், அணுசக்தி என்று பொருளாதார வழிக்கே திரும்பி, 1955இல் இத்தாலியின் மெசினாவில் பேச்சைத் தொடங்கியதன் விளைவே கட்டுரையாளர் குறிப்பிடும் ரோம் உடன்படிக்கை. அது கையெழுத்தானது மார்ச் 25; ஒன்றியம் ஐரோப்பா தினமாகக் கொண்டாடுவதோ ஷூமன் அறிவித்த மே 9.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருச்சி