எந்த அலைவரிசையை யாருக்குக் கொடுப்பது?

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வந்தாறுமூலைக்குத் தெரிவாகியிருக்கும் செய்தி வீட்டில் அனைவரையும் மகிழ்வித்தது. பல்கலைக்கழகம் தொடங்கும்போது முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து போகச் சொல். கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் நீ எழுதிய கேள்விதான் என்னை உடனே பேனா எடுக்க வைத்தது. திருக்கோவிலில் உன் கைத்தொலைபேசியில் சிக்னல் கோடுகள் முழுதாக நிற்க, இரவு எட்டு மணிக்கு ஒரு காணொளிகூட ஒழுங்காக ஓடாதது ஏன் என்றும், ஒரே டவரில் பல அலைவரிசைகள் இருக்கும்போது அவற்றையெல்லாம் எல்லோருக்கும் திறந்துவிட்டால் என்ன என்றும் கேட்டிருந்தாய். என் தொழிலே அதுவாக இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் கோடுகள் உன் தொலைபேசிக்கு வந்து சேரும் வலுவை மட்டுமே காட்டுகின்றன. அந்த அலைவரிசையில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பது அவற்றில் தெரியாது. நான்காம் தலைமுறை வலையமைப்பில் அந்த இடத்தை வளத்தொகுதிகளாக அளப்போம். ஒரு தொகுதியின் அகலம் 180 கிலோஹேர்ட்ஸ். 10 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையில் 50 தொகுதிகளும் 20 மெகாஹேர்ட்ஸில் 100 தொகுதிகளும் உண்டு. டவரில் இயங்கும் மென்பொருள் ஒவ்வொரு மில்லிசெக்கனிலும் அவற்றைப் பயனாளருக்குப் பங்கிட்டுக்கொண்டே இருக்கிறது. வலு நன்றாக இருந்தும் உனக்குக் கிடைப்பது இரண்டு தொகுதிகள் என்றால் காணொளி ஓடாது.

இனி அலைவரிசைகளின் குணத்தைப் பார். இருபக்க அன்டெனாக்களும் அதே திறனுடையவையாக இருக்க, மீடிறன், அதாவது அலை செக்கனுக்கு அதிரும் தடவைகள், இரட்டிப்பானால் பெறப்படும் வலு நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது நீ வகுப்பில் படிப்பிக்கிற பௌதிகம்தான். ஆகவே 900 மெகாஹேர்ட்ஸ் தூரம் போகிறது, சுவரையும் ஓரளவு கடக்கிறது. ஆனால் அங்கே கிடைக்கும் அகலம் சொற்பம். 1800 இலும் 2300 இலும் அகலம் தாராளம், எட்டும் தூரம் குறைவு. எங்கள் பகுதியில் இந்த வேறுபாட்டை வாவியே கூர்மையாக்கிவிடுகிறது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாயுள்ள எழுவான்கரையில், குறிப்பாகக் காத்தான்குடிப் பக்கம், வீடுகள் நெருக்கமாகவும் டவர்கள் கிட்டக்கிட்டவும் இருக்கின்றன. மேற்கே படுவான்கரையில் வயலும் காடும் நடுவே கிராமங்களுமாக இருப்பதால் டவர்கள் தள்ளித்தள்ளியே நிற்கின்றன. நீர்ப்பரப்பில் மரமோ மதிலோ இல்லாததால் இக்கரை டவரின் அலை அக்கரை வரை தாராளமாகப் போய்ச்சேரும். அதைப் பிடித்துக்கொண்ட அக்கரைத் தொலைபேசி, தூரம் காரணமாக ஒவ்வொரு தொகுதியிலும் சொற்பத் தரவையே ஏற்றி, இக்கரைக்காரரின் தொகுதிகளையும் விழுங்கிவிடுகிறது. அன்டெனாவைச் சற்றுக் கீழே சாய்ப்பது இதற்கு முதல் வைத்தியம்; அலைவரிசையை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்பது அதற்கு அடுத்தது.

நீ கணக்கு விரும்பி என்பதால் ஒரு சிறு கணக்குத் தருகிறேன்; எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. டவருக்கு அருகே ஒருவர்: 900 முழுவதையும் கொடுத்தால் அவருக்கு செக்கனுக்கு 30 மெகாபிட், 1800 முழுவதையும் கொடுத்தால் 60. தொலைவில் ஒருவர்: 900 இல் 10, 1800 இல் வெறும் 1. வலுவான அலைவரிசையையே பிடி என்ற பழைய விதிப்படி இருவரும் 900 இல் குந்திக்கொண்டு நேரத்தைப் பாதியாகப் பகிர்ந்தால், 15 உம் 5 உமாக மொத்தம் 20 தான். 1800 சும்மா கிடக்கும். அருகிலிருப்பவரை 1800 க்கு மாற்றினால் 60 உம் 10 உமாக மொத்தம் 70. மொத்தத்தையே உச்சமாக்கு என்றால் விடை வேறு: அருகிலிருப்பவருக்கு இரண்டையும் கொடு, 90 கிடைக்கும், தொலைவிலிருப்பவருக்கு ஒன்றுமில்லை. காகிதத்தில் அழகான அந்த விடையை நான் ஏற்கமாட்டேன். அதனால்தான் நாங்கள் கூட்டுத்தொகைக்குப் பதிலாக வேகங்களின் பெருக்கத்தை, அதாவது மடக்கைகளின் கூட்டுத்தொகையை, உச்சமாக்குகிறோம். இதற்கு விகிதசம நியாயம் என்று பெயர். வலையமைப்புகளுக்கான கணிதத்தில் இதை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் பிராங்க் கெல்லி. 60 ஐ 10 ஆல் பெருக்கி வரும் 600 ஐ, எந்த அலைவரிசையிலிருந்தும் ஒரு துளியை மற்றவருக்கு நகர்த்திக் கூட்ட முடியாது. வகையிட்டுப் பார், புரியும். சொந்தக் கிணறு உள்ளவன் வாய்க்கால் தண்ணீருக்கு முந்தக்கூடாது என்று, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் எந்த வட்டவிதானையும் சொல்வதைத்தான் இந்தப் பெருக்கமும் சொல்கிறது.

இரண்டு பேருக்கு இது இலகு. ஒரு டவரில் 40 பேர், மூன்று அலைவரிசைகள், ஒருவருக்கு ஒன்றுதான் என்றால், மூன்றின் நாற்பதாம் அடுக்கு வழிகள். அது ஒன்றுக்குப் பின் 19 பூச்சியங்களுள்ள எண்ணிலும் பெரிது. மில்லிசெக்கனுக்குள் அவற்றை ஆராய எவராலும் முடியாது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்கிறோம்: எவர் எந்த அலைவரிசை என்பதைச் செக்கன் கணக்கில் மெதுவாகவும், அதற்குள் எவருக்கு எந்தத் தொகுதி என்பதை மில்லிசெக்கன் கணக்கில் விரைவாகவும் தீர்மானிக்கிறோம். நீ கேட்ட “எல்லாவற்றையும் திறந்துவிடுதல்” உண்மையில் இருக்கிறது. அதன் பெயர் அலைவரிசை இணைப்பு. 2011 இல் நிறைவுபெற்ற, நான்காம் தலைமுறைத் தரநிலையின் 10ஆம் வெளியீட்டில், ஒவ்வொன்றும் 20 மெகாஹேர்ட்ஸ் வரையான ஐந்தை ஒரே தொலைபேசிக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று வகுத்தார்கள். வேகம் கூடுவதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அதிலும் பெரிதாகப் படுவது வேறொன்று: ஒருவருக்கு இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் கொடுக்கலாம் என்றான உடனே, அந்தப் பயங்கர எண்ணிக்கைக் கணக்கு வழவழப்பான குவிவுக் கணக்காக, அதாவது ஏறிக்கொண்டே போனால் உச்சியை அடைந்துவிடும் ஒற்றை மேடாக, மாறித் தீர்க்கக்கூடியதாகிவிடுகிறது.

ஆயினும் எல்லோருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுப்பதில் பலனில்லை. சேர்த்த ஒவ்வோர் அலைவரிசையையும் தொலைபேசி கவனித்து அளந்து அறிவிக்க வேண்டியிருப்பதால் மின்கலம் கரைகிறது. தொலைபேசியிலிருந்து டவருக்கு மேலனுப்பும் திசையில் சிக்கல் இன்னும் பெரிது. டவரிடம் சக்தி நிறைய உண்டு. கைத்தொலைபேசிக்கு ஏறக்குறைய 200 மில்லிவாட்தான். தொலைவிலிருப்பவர் அதை இரண்டு அலைவரிசைகளுக்குப் பங்கிட்டால் இரண்டிலுமே டவரை எட்டமாட்டார். அவருக்குக் கீழிறக்கம் 1800 இலும் சேர்ந்து வரட்டும், மேலேற்றம் 900 இலேயே இருக்கட்டும் என்பதே என் கொள்கை.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோவிலில் கூடும் கூட்டத்தையும் இதே கண்ணால்தான் பார்க்கிறேன். எல்லோரும் டவரின் காலடியில் நிற்கிறார்கள்; அவர்களை உயர் மீடிறன்களில் நிறுத்தி, 900 ஐச் சுற்றுப்புறத்துக்கு விட்டுவிட வேண்டும். சும்மாயிருக்கும் தொலைபேசி தானாகவே அலைவரிசையைத் தெரிவதால், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரையான முன்னுரிமை எண்ணை டவர் ஒலிபரப்பும். அதில் உயர் மீடிறனுக்கு உயர்ந்த எண்ணையும், தாழ்ந்த மீடிறனுக்கு இறங்குவதற்கும் மீண்டும் ஏறுவதற்கும் வெவ்வேறு வலு எல்லைகளையும் வைத்தால் தொலைபேசி அங்குமிங்கும் அலையாது.

உன் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நீயே சோதிக்கலாம். அநேகமாக உன் தொலைபேசியும் ஊராரின் தொலைபேசிகளும் வலு கூடிய தாழ்ந்த அலைவரிசையிலேயே அடைந்திருக்கின்றன. உன் ரவுட்டரின் அமைப்பில் அலைவரிசையைத் தெரியும் வசதி இருந்தால், இரவு எட்டு மணிக்கு அதை 1800 இல் நிறுத்தி வேகத்தை அளந்து, பிறகு தானியங்கி நிலைக்கு மாற்றி மீண்டும் அளந்து பார். கோடுகள் குறைந்து வேகம் கூடினால் என் ஊகம் சரி. கூடவே உன் உயர்தர வகுப்பு மாணவரிடம் மேலே உள்ள கணக்கில் மூன்றாவது ஒருவரைச் சேர்த்துக் கொடு: 900 இல் 20, 1800 இல் 20. அவரை எங்கே வைப்பது, பிரித்து வைப்பதா என்பதற்கு அவர்கள் தரும் விடையையும் உன் அளவீடுகளையும் சேர்த்து எழுதியனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்