நடிப்பு தாங்கும் படம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீங்கள் மீண்டும் படம் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதில் மிக்க மகிழ்ச்சி. ஆனால், குறைந்த செலவில் எடுக்கப்படும் குடும்பப் படங்கள் எல்லாம் தொலைக்காட்சித் தொடர்கள்தாம் என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சொந்த வீடு கட்டப் படும் பாடுதான் மொத்தக் கதையும், பாடல்கூடக் கிடையாது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது நியாயமே. ஆயினும் என்னை அதிகம் ஆட்கொண்டவர் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர். கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டிய நாடக மேடையில் ஊறியவர், பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வரும் காட்சியில், பேச்சே இல்லாமல் நடையாலும் பார்வையாலும் ஒரு வாழ்நாள் ஆசையைச் சொல்லிவிடுகிறார்.

ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) பெரிய ஸ்டூடியோ தயாரிப்புதான். ஆனால் அதன் உயிரான காட்சிகளுக்குப் பணம் தேவையில்லை. அழகு நிலையம் நடத்தும் மகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோரை யாரென்று வாடிக்கையாளர் கேட்கும்போது, ஊரிலிருந்து வந்திருக்கும் தெரிந்தவர்கள் என்று அவள் சொல்லிவிடுகிறாள். மகளாக நடித்த ஹாருகோ சுகிமுரா அதில் வெட்கத்தையோ வன்மத்தையோ ஏற்றாமல் போகிற போக்கில் சொல்வதால்தான் அது இவ்வளவு சுடுகிறது. 49 வயதில் முதிய தந்தையாக நடித்த சிஷூ ரியூ, மனைவி இறந்த காலையில், இன்றும் வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார். கண்ணீர் சிந்தும் வேலை நமக்கு விடப்படுகிறது.

நம் சிறு படங்கள் பல சறுக்குவது இந்த இடத்தில்தான். பணம் இல்லாத குறையை அழுகையாலும் ஓயாத பின்னணி இசையாலும் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். வசனம் பேசுபவர் மீதே கேமரா நிற்கிறது, கேட்பவரின் முகத்துக்கு இடமே இருப்பதில்லை. குடும்பக் கதையிலோ பாதி நாடகம் கேட்பவரிடம்தான் நடக்கிறது. இரண்டு தேர்ந்த நடிகர்களை ஒரே ஷாட்டில் நீண்ட நேரம் விட்டுவைப்பது செலவு குறைந்த வழியும்கூட. ஆனால் அதற்குப் படப்பிடிப்புக்கு முன்பே போதிய ஒத்திகை வேண்டும், தயாரிப்பாளர்கள் முதலில் வெட்டுவது அந்த நாட்களைத்தான்.

சுகிமுராவின் அந்த மகளைக் கல்நெஞ்சக்காரி என்பீர்களா, வேலையில் களைத்தவள் என்பீர்களா? எனக்கு இரண்டாவதே சரியெனப் படுகிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்